நாயகன் குனிய மாட்டார்

குறுக்குவில்லைச் சினிமாவில் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கதாநாயகன் குதிரைமேல் இருந்தபடி ஒற்றைக் கையால் அதைத் தூக்கி ஒருவனைச் சாய்ப்பான். அடுத்த நொடியில் இன்னொருவனை. அதற்கடுத்த நொடியில் மதில்மேல் நிற்கிறவனை. நாணை எப்போது இழுத்தான், அம்பை எப்போது வைத்தான் என்று கேட்கக் கூடாது. கேட்டால் நமக்கு ரசனை இல்லை. கதைப் புத்தகங்களும் லேசுப்பட்டவை அல்ல. இழுத்து வைத்த வில்லை இடுப்பில் செருகிக்கொண்டு இளவரசிகள் கயிறு பிடித்துக் கோட்டைக்குள் ஏறுகிறார்கள். நிஜத்தில் அப்படி ஏறினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

இவ்வளவு ஆத்திரப்பட உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் சினிமா ஸ்டூடியோவில் தச்சன். கோட்டை, சிறைச்சாலை, நீதிமன்றம் எல்லாம் ஒட்டுப்பலகையில் கட்டுகிறவன். என் அண்ணனின் மனைவி அதே ஸ்டூடியோவில் ஆயுத அறையைப் பத்தொன்பது வருடம் கட்டிக் காத்தவர். அங்கே இருந்த ஆறு குறுக்குவில்லையும் செய்தது அண்ணிதான். கட்டைகளைச் செதுக்கியது நான்.

அண்ணி பிறந்து வளர்ந்தது லாரி ஸ்பிரிங் பட்டறையில். அவருடைய அப்பா உலையில் பட்டையைக் காய்ச்சி எடுப்பார், அண்ணி சம்மட்டி போடுவார். கல்யாணத்தின்போது சொந்தக்காரர்கள் எல்லாரும் அண்ணனைக் கேலி செய்தார்கள். “பாத்துக்கடா, சம்மட்டி புடிச்ச கை. வாயை மூடிட்டு இருந்தா பொழச்ச.” அண்ணன் மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா. வாயை மூடிக்கொண்டிருப்பதில் இயல்பிலேயே கெட்டிக்காரர். அதனால் குடும்பம் நன்றாகவே நடந்தது.

ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொடுக்க அண்ணி ஸ்டூடியோவுக்கு வந்தபோது, ஆர்ட் டைரக்டர் ஒரு படத்தை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். குறுக்குவில்லின் படம். நிஜமாகவே அம்பு பாய வேண்டுமாம். வந்த கொல்லர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். அண்ணி தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தார்.

“இது என்னங்க, லாரி பட்டை. அதைக் கட்டையில குறுக்கால கட்டி வெச்சிருக்கான், அவ்வளவுதான்.”

ஒன்பது நாளில் செய்து முடித்தோம். முதல் அம்பு என் ஒட்டுப்பலகைக் கோட்டையைத் துளைத்து, பக்கத்துத் தளத்தில் காதல் காட்சி எடுத்துக்கொண்டிருந்த சோபாவில் போய்க் குத்தி நின்றது. நடிகை எழுந்து ஓடினாள். நடிகர் அவளுக்கு முன்னால் ஓடினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. சோபாவின் முதுகில் இருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த வாரமே அவரை ஆயுத அறைக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அண்ணி அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் ஒரு சாமானைக் கையில் எடுத்தால் அதன் பூர்வீகம் தெரியாமல் விட மாட்டார். ஆர்ட் டைரக்டரிடம் புத்தகம் வாங்கி வந்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கிழக்கே ஈராயிரம் வருடத்துக்கு முன்பே நாணை விடுவிக்கிற விசையை வெண்கலத்தில் வார்த்திருக்கிறார்கள் என்று படித்தபோது, “யாரு பெத்த புள்ளையோ, என்ன மூளை!” என்று உருகிப்போனார். பெட்டி வைத்து அடுத்தடுத்து அம்பு விடுகிற வகையும் உண்டு என்று வந்தபோது, “அதுல வேகம் இருக்கும், வலு இருக்காது” என்று படம்கூடப் பார்க்காமல் சொன்னார். இரண்டு பக்கம் தள்ளி, புத்தகமும் அதையே சொன்னது.

மேற்கே நடந்ததைப் படித்தபோதுதான் அண்ணிக்குக் கோபம் வந்தது. அங்கே பிரபு வீட்டுப் பிள்ளை ஏழு வயதிலிருந்து வாளும் குதிரையும் பழகி, இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு போருக்கு வருவான். ஒரு வாரம் இந்த வில்லைப் பழகிய கூலிக்காரன் தூரத்தில் நின்றே அவனைக் கவிழ்த்துவிடுவான். பிரபுக்களுக்கு அது பொறுக்கவில்லை. கோழைகளின் ஆயுதம் என்று திட்டினார்கள். மதப் பெரியவர்கள் சபை கூட்டி, நம் மதத்தவர்மேல் இதை விடக் கூடாது என்று தீர்மானமே போட்டார்களாம்.

“மத்தவங்க மேல?”

“அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை அண்ணி.”

“நல்லா இருக்குடா நியாயம்! ஏழைங்க ஆயிரம் பேரு வாளால செத்தப்போ எந்தச் சபையும் கூடலை. பெரிய மனுஷன் ஒருத்தன் குதிரையில இருந்து விழுந்ததும் ஓடி வந்து கூடிட்டாங்க.”

ஆயுத அறையில் அண்ணி வைத்திருந்த சட்டங்கள் இரண்டே இரண்டு. முதலாவது, எவன் விடுகிறானோ அவனேதான் இழுக்க வேண்டும். வில்லின் மூக்கில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதைத் தரையில் வைத்து, காலை விட்டு மிதித்து, இடுப்பு வளையக் குனிந்து, இரண்டு கையாலும் நாணை மேலே இழுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். முதுகெலும்பு முனகும். “அப்படி இழுத்தவனுக்கு உள்ளே எவ்வளவு பலம் உக்காந்திருக்குன்னு உடம்புக்கே தெரியும். யாரோ இழுத்துக் கொடுத்ததை வாங்கறவன் கண்ணுக்கு அது வெறும் கட்டைதான்” என்பார். இரண்டாவது சட்டம், இழுத்த வில்லைக் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் தெரியாதவன் எடுத்துவிடுவான். இழுத்தவன் கையிலேயே இருந்து, அவன் கையாலேயே அம்பு போக வேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஆயுத அறையின் முதலுதவிப் பெட்டியைக் கத்தி கீறியதற்குத்தான் திறந்தோம்.

அப்புறம் அந்தப் படம் வந்தது. நாயகன் பெரிய நடிகர். அவர் பெயரை எழுத எனக்குப் பயமில்லை, விருப்பமில்லை. படத்தில் அவர் குறுக்குவில் வீரன். படம் தொடங்குமுன் அண்ணி வில்லோடு போய் இழுக்கிற விதத்தைச் செய்து காட்டினார். நாயகன் நாற்காலியில் இருந்தபடி பார்த்தார். மறுநாள் அவருடைய மேனேஜர் ஆயுத அறைக்கு வந்தார். நான் அங்கே ஒரு கட்டைக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தேன்.

“அம்மா, அந்தக் குனியற வேலையெல்லாம் வேண்டாம். சார் குனிய மாட்டாரு.”

“ஏங்க, இடுப்பு வலியா?”

“வலியெல்லாம் இல்லை. ரசிகர்கள் ஏத்துக்க மாட்டாங்க. பின்னாடி நிக்கற சிப்பாய் எவனாவது இழுத்துக் கொடுக்கட்டும், சார் வாங்கி விடுவாரு.”

“அப்படின்னா ரப்பர் நாண் போட்டுப் பொய் வில்லு ஒண்ணு தரேன். எத்தனை வேணாலும் சுடட்டும்.”

“குளோசப்புல அம்பு நிஜமா பறக்கணும்னு சார் ஆசைப்படறாரு.”

“ஆசைப்பட்டா குனியட்டும்” என்றார் அண்ணி.

மேனேஜர் என்னைப் பார்த்து, பைத்தியமா இவர் என்பதுபோல் சிரித்தார். அண்ணி சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று நினைத்தோம்.

ஒன்பது நாள் கழித்து, மதிய வெயிலில், மூன்றாம் தளத்தில் வாள்கள் குறைகின்றன, உடனே வந்து சரி பாருங்கள் என்று அண்ணியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும், அலுவலகத்தில் இருந்த மாற்றுச் சாவியால் ஆயுத அறையைத் திறந்து மேனேஜர் ஒரு வில்லை எடுத்து வந்தார். நெட்டையைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார்.

நெட்டை எங்கள் துணை நடிகன். உயரத்துக்காக வந்த பெயர். எல்லாப் படத்திலும் நாயகனுக்குப் பின்னால் நிற்பான், எல்லாப் படத்திலும் இடைவேளைக்கு முன்னால் செத்துப்போவான். “நான் செத்த அளவுக்கு இந்த ஊர்ல யாரும் சாகலை” என்று பெருமையடிப்பான். முன்னொரு படத்துக்காக அண்ணியே அவனுக்கு வில் பழக்கியிருந்தார். அண்ணி வரட்டும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். “அவங்க சொல்லித்தான் எடுத்தேன்” என்று மேனேஜர் கூசாமல் புளுகினார். நெட்டை குனிந்து இழுத்தான். அம்பையும் வைத்தான்.

நாயகன் வரவில்லை. அவருக்கு முடி சரியாக விழவில்லையாம். பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம். வேறு எவனாக இருந்தாலும் வில்லைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பான். நெட்டை அண்ணியிடம் பழகியவன். இழுத்த வில்லைக் கீழே வைக்கக் கூடாது என்பது அவன் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இருந்தது. முதல் சட்டத்தை மேனேஜர் உடைத்துவிட்டார். இரண்டாவது சட்டத்தை நெட்டை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டு நின்றான். அந்த இரும்பின் எடைக்குக் கை மரத்துப்போய், கட்டையின் அடியில் இருக்க வேண்டிய இடது கட்டைவிரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, நாண் ஓடுகிற தடத்தில் படுத்துக்கொண்டது.

கடைசியில் நாயகன் வந்தார். “கொண்டா” என்று சொல்லி, நெட்டை பிடியை விடுமுன்னே, வில்லின் பின்பக்கத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அவருடைய ஆள்காட்டி விரல் விசைமேல் இருந்தது. அம்பு என் ஒட்டுப்பலகைச் சுவரில் போய்க் குத்தியது. நெட்டையின் கட்டைவிரலில் பாதி இல்லை.

அவன் கத்தவில்லை. “அண்ணி எங்கே?” என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் நாயகன் பூச்செண்டோடு மருத்துவமனைக்குப் போனார். ஒரு கையில் பூச்செண்டு, ஒரு கை நெட்டையின் தோளில், எதிரே புகைப்படக்காரர். பத்திரிகைகளில் அவருடைய இளகிய மனதைப் பற்றி எழுதினார்கள். படித்தபோது காறித் துப்பலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் அண்ணியிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். வில்லின் கொக்கி தேய்ந்திருந்ததால் அது தானாக விடுபட்டது, பொறுப்பு ஆயுத அறையுடையது என்று டைப் அடித்து வைத்திருந்தார்கள். அண்ணி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால், நெட்டை அனுமதி இல்லாமல் ஆயுதத்தை எடுத்து விளையாடினான் என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் அவன் இனி எந்த ஸ்டூடியோ வாசலையும் மிதிக்க முடியாது. இரண்டு கடிதத்திலும் நாயகன் என்ற சொல்லே இல்லை.

“விசாரணை வைங்க. அங்கே பேசிக்கறேன்” என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்து வந்துவிட்டார்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். விபத்து நடந்தபோது நான் பக்கத்தில் ஏணிமேல் நின்று கோட்டைச் சுவருக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். விசைமேல் இருந்த அந்த விரலையும் பார்த்தேன். அன்று இரவே அண்ணியிடம் சொல்லியும்விட்டேன். “விசாரணையில சொல்லு, போதும்” என்றார் அவர். கிழித்துவிடுகிறேன் பாருங்கள் என்று மார்தட்டினேன்.

விசாரணைக்குத் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஸ்டூடியோவின் நீள மேசை அறை. அன்று காலை மேனேஜர் என் தோளில் கை போட்டு வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். “அடுத்த படத்துக்கு அரண்மனை, கோட்டை, மொத்த வேலையும் உன் கையிலதான். எட்டு மாச வேலை. ஆளெல்லாம் நீயே சேத்துக்கோ.” வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

உள்ளே அண்ணி அந்த வில்லை மேசைமேல் வைத்தார். எதிரே மணல் மூட்டையை நிறுத்தினார். பிறகு வில்லைத் தரையில் இறக்கி, காலை வளையத்தில் விட்டு, அதிகாரி, மேனேஜர், வக்கீல் எல்லார் முன்னாலும் குனிந்தார். நாணை இழுத்து மாட்டினார். ஒரு கையால் வில்லை மேசைமேல் பிடித்தபடி முனை மழுங்கிய அம்பை வைத்தார். பிறகு மரச் சுத்தியலை எடுத்துக் கட்டையின் தலையில் ஓங்கி அடித்தார். ஏழு அடி. மேசை அதிர்ந்தது, தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது, வக்கீல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நாண் அசையவில்லை. எட்டாவதாக அண்ணி விசையைத் தொட்டார். மூட்டை வெடித்து மணல் கொட்டியது.

“விசையைத் தொடாம இது போகாதுங்க” என்றார்.

கொக்கிக் கதை அதோடு செத்தது. மேனேஜர் சளைக்கவில்லை. “அப்போ அந்தப் பையனே தொட்டிருப்பான்” என்றார். நெட்டை இல்லை என்றான்; அவன் பேச்சு மட்டும் போதாது, சாட்சி வேண்டும் என்றார் வக்கீல். அதிகாரி, பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். விளக்குக்காரர் பார்க்கவில்லை. ஒப்பனைக்காரர் பார்க்கவில்லை. கேமரா உதவியாளர் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது பேர் நின்ற தளத்தில் ஒருவருக்கும் கண் இல்லை. மனதுக்குள் எல்லாரையும் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

“ஆணி அடிச்சிட்டு இருந்தேன்மா. பாக்கலை.”

சொன்னது நான்தான். வாய் என்னுடையதுதான். நெட்டை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அண்ணி பார்க்கவில்லை. கொட்டிய மணலைக் கையால் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து, “அவன் மேல எழுதாதீங்க. இழுத்த வில்லைக் கீழே வைக்காதேன்னு சொல்லிக் கொடுத்தது நான். அதைக் கேட்டு நின்னதாலதான் கை போச்சு. பயிற்சி சரியில்லைன்னு என் மேல எழுதுங்க” என்றார்.

அதிகாரி இரண்டு முறை கேட்டார், நிச்சயமா என்று. அண்ணி நிச்சயம் என்றார். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். அன்றே சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். பத்தொன்பது வருடத்துக்கு ஒரு காபிகூட இல்லை. அண்ணி இப்போது கடைகளுக்கு ஷட்டர் செய்கிற ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார், போட்டுக் கொடுப்பார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் அந்த எட்டு மாத வேலையைச் செய்தேன். நன்றாகவே செய்தேன் என்று எல்லாரும் சொன்னார்கள்.

போன மாதம் படம் வெளியானது. எங்கள் தெரு முனையில் நாற்பது அடி உயரத்துக்குப் பேனர். நாயகன் குறுக்குவில்லைப் பிடித்து நிற்கிறார், கட்டைவிரலை அழகாக நாண்மேல் வைத்துக்கொண்டு! அந்த விரல் போயிருக்க வேண்டும், எவனுடையதோ போயிற்று. அவருக்குப் பின்னால் கேடயத்தோடு நெட்டை. அது விபத்துக்கு முதல் நாள் எடுத்த படம். அதில் அவனுக்கு இரண்டு கட்டைவிரலும் இருக்கிறது. மூன்று நாள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வேலைக்குப் போனேன். நான்காம் நாள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். முடிந்த விசாரணையை ஒரு வருடத்துக்குள் புதுச் சாட்சி வந்தால் மறுபடி எடுக்கலாம், இன்னும் இருபத்துமூன்று நாள் இருக்கிறது, எழுதிக் கொண்டுவா என்றார்கள்.

உட்கார்ந்து பதினாறு பக்கம் எழுதினேன். நாயகன், மேனேஜர், கண்ணில்லாத அறுபது பேர், பிரபுக்கள், மதப் பெரியவர்கள் ஒருவரையும் விடவில்லை. அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோய், என்னை வாசிக்கச் சொல்வாரே அந்த இடத்திலேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அண்ணன் அடுப்பங்கரையிலேயே நின்றுகொண்டார். முழுவதையும் கேட்டு முடித்த அண்ணி சொன்னார்:

“ஏணியில எத்தனாவது படியில நின்னேன்னு எழுதலையே. கேப்பாங்க.”

“ஆறாவது படி.”

“எழுது. கோவம் நிறைய இருக்கு, அதையெல்லாம் எடுத்துடு. அவங்களுக்கு வேண்டியது அந்த விரல் மட்டும்தான்.”

எடுத்த கோபத்தை எங்கே போடுவது என்று தெரியாமல்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். அலுவலகத்துக்குக் கொடுத்த தாளில் மிஞ்சியது இவ்வளவுதான்: “நான் ஏணியின் ஆறாவது படியில் நின்றேன். விசைமேல் இருந்தது நாயகனின் விரல். நான் பார்த்தேன். விசாரணையில் பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன்.”

அந்த நான்கு வரியை எழுத எனக்குப் பதினோரு மாதம் ஆகியிருக்கிறது.